பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள்: புதிய சமூகப் பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்பை முடித்து முதல் வேலைக்கு வரும் சமூகப் பணியாளர்களுக்குச் சில ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவருகிறேன். நேரம் தவறுவது, கோப்பை மறந்து வருவது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள். அன்று நான் செய்த பிழைகளை அவர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கும்போதுதான் மனம் பொறுப்பதில்லை.

வாயால் மட்டும் சொல்லி விட்டுவிடுவது

வேலையில் சேர்ந்த ஆறாம் மாதம், கையிலிருந்த கேஸ்களுக்கே நேரம் போதாமல் திணறிக்கொண்டிருந்தபோது, மேற்பார்வைக் கூட்டம் முடிந்து எழும் வேளையில் மேற்பார்வையாளர் இன்னொரு கோப்பை என் பக்கம் நகர்த்தினார். “ஏற்கெனவே இரண்டு வீட்டுச் சந்திப்புகள் தள்ளிப்போய்விட்டன” என்றேன். “சமாளித்துவிடுவீர்கள்” என்றார். “சரி, பார்த்துக்கொள்கிறேன்” என்று வாங்கிக்கொண்டேன். தள்ளிப்போனவற்றில் ஒன்று, தனியாக வாழ்ந்த ஒரு முதியவருடையது. 3 வாரம் கழித்து நான் சென்றபோது, மேசை மேலிருந்த அட்டைகளில் 12 நாள் மாத்திரைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. பிறகு நடந்த ஆய்வில் கூட்டக் குறிப்பைப் புரட்டினார்கள். கேஸ் ஒப்படைக்கப்பட்டது, பணியாளர் சம்மதித்தார் என்ற ஒரே வரிதான் இருந்தது. நான் சொன்ன எச்சரிக்கை எங்குமே பதிவாகவில்லை. அதன் விலையை என்னைவிட அந்த முதியவரே அதிகம் கொடுத்தார் என்பதால் அந்த எரிச்சல் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

எனவே அன்று மாலையே மேற்பார்வையாளருக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தச் சந்திப்புகள் தாமதமாகின்றன, அதனால் யாருக்கு என்ன ஆபத்து, புதிய கேஸை ஏற்றால் எதைத் தள்ளிவைப்பது. ‘வேலை அதிகம்’ என்பது புலம்பலாகவே கேட்கும். ‘இவரை வெள்ளிக்கிழமைக்குள் என்னால் பார்க்க இயலாது, யாரை அனுப்பலாம்?’ என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தனக்காகப் பேசுவதைத் தன்னலம் என்று எண்ணுவது

சர்வதேச சமூகப் பணியாளர் கூட்டமைப்பு 2018இல் ஏற்றுக்கொண்ட அறநெறிக் கோட்பாடுகள், பணியிடத்திலும் தனிவாழ்விலும் தம்மைப் பேணிக்கொள்வதைச் சமூகப் பணியாளரின் கடமையாகவே வைக்கின்றன.

மேற்பார்வைக் கூட்டத்தில் கணக்கு ஒப்பித்துவிட்டு எழுவது

சமூகப் பணி அறிஞர் ஆல்ஃப்ரெட் கடுஷின் 1976இல் மேற்பார்வையின் பணிகளை நிர்வாகம், கல்வி, ஆதரவு என மூன்றாக வகுத்தார். நிர்வாகமே முழு நேரத்தையும் விழுங்கிவிடாதிருக்க, உங்களை உறுத்தும் கேள்வி ஒன்றை எழுதி எடுத்துச்சென்று, கேஸ் பட்டியலைத் திறக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மருத்துவர் பேசி முடித்ததும் மௌனமாகிவிடுவது

ஒரு கேஸைப் பற்றி மருத்துவரோடு சேர்ந்து பேசும்போது, அவருடைய கருத்தோடு பேச்சு முடிந்துவிட வேண்டாம். அந்த வீட்டுக்குள் போய்வந்தவர் நீங்கள், பார்த்ததைச் சொல்லுங்கள்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுவது

“விசாரித்து நாளைக்குச் சொல்கிறேன்” என்று கூறிவிட்டு, மறுநாள் தவறாமல் சொல்லுங்கள்.