தனி ஜெபத்துக்கு நேரமே கிடைக்கலைன்னா என்ன பண்றது

நேரம் கிடைச்சா உக்காந்து ஜெபம் பண்ணலாம்னு நினைச்சு நினைச்சே எனக்கு பல வருஷம் ஓடிப்போச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்ல பிரசங்கம் கேட்டுட்டு உள்ள ஒரு உணர்த்துதல் வரும், நாளையிலருந்து நாலு மணிக்கு எந்திரிச்சு ஒரு மணி நேரம் ஜெபம்னு தீர்மானம் எடுப்பேன், திங்கள் எந்திரிச்சிடுவேன், செவ்வாய் முழங்கால்ல நின்னபடியே தூங்கிருப்பேன், புதன் அலாரத்தை அணைச்சதே ஞாபகம் இருக்காது. அப்புறம் குற்ற உணர்வு வந்து, அந்த கூச்சத்துலயே ரெண்டு வாரம் வேதத்தை, அதாவது பைபிளை, தொடாம இருப்பேன். இதே கதைதான் உங்களுக்குமா, அப்போ இதை படிங்க.

முதல்ல அந்த ஒரு மணி நேரத்தை விட்ருங்க. பதினஞ்சு நிமிஷம் போதும், அதுவும் முடியலைன்னா பத்து. கொஞ்சமா இருக்கேன்னு வெட்கப்படாதீங்க, தினமும் நடக்குற பத்து நிமிஷம் மாசத்துக்கு ரெண்டு தடவை நடக்குற ஒரு மணி நேரத்தை விட கூட்டிப் பாத்தாலும் பெருசு. பழகினப்புறம் அது தானா நீளும், நீங்க இழுக்கவே வேணாம்.

அடுத்தது, கடிகாரத்தை பார்த்து நேரம் குறிக்காதீங்க. "காலைல 5.30"ன்னு வச்சா 5.40க்கு எந்திரிச்ச அன்னைக்கே மனசு "இன்னைக்கு போச்சு"ன்னு சொல்லிடும். அதுக்கு பதிலா நீங்க எப்படியும் தினமும் செய்யுற ஏதோ ஒண்ணோட சேத்து கட்டிவிடுங்க. பல் தேய்ச்ச உடனே, இல்ல பிள்ளைங்களை அனுப்பிட்டு கதவை சாத்தின உடனே, இல்ல வேலைக்கு போய் வண்டியை நிறுத்திட்டு இறங்குறதுக்கு முன்னாடி. எனக்கு பல் தேய்ச்ச உடனேங்கறதுதான் நின்னுச்சு. ஆனா ஒரே ஒரு கண்டிஷன், அதுக்கு முன்னாடி போனை எடுக்கக்கூடாது. வேதாகம ஆப் போன்லதானே இருக்குன்னு நானும் சமாதானம் சொல்லிப் பாத்தேன், ஆப்பை திறக்குறதுக்குள்ள நாலு மெசேஜ் வந்து நின்னுச்சு, அதுல ஒண்ணுக்கு பதில் சொல்லப்போய், படிக்க எடுத்த சங்கீதம் (வேதாகமத்துல உள்ள ஜெபப் பாட்டு) அப்படியே நின்னுபோச்சு. அதனால காகித வேதாகமம், முந்தின நாள் ராத்திரியே அந்த பக்கத்தை திறந்து வச்சிட்டு படுத்துருங்க. எங்க படிக்கலாம்னு காலைல யோசிக்க ஆரம்பிச்சாலே அஞ்சு நிமிஷம் காலி.

எதை படிக்குறதுங்கறதுலதான் நிறைய பேர் தடுக்கி விழுறாங்க. வேதாகமத்தோட 66 புத்தகத்துல மொத்தம் 1189 அதிகாரம், ஒரு நாளைக்கு மூணும் சொச்சமும் படிச்சா ஒரு வருஷத்துல முடிச்சிரலாம், கணக்கு சரிதான். ஜனவரி 1 அன்னைக்கு ஆதியாகமம் ஆரம்பிச்சு தினமும் மூணு அதிகாரம் போனீங்கன்னா ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ரெண்டும் சரியா 30 நாள்ல முடியும், அதாவது மாசக் கடைசில லேவியராகமத்து வாசல்ல நிப்பீங்க. பலி, சட்டம்னு விவரமா 27 அதிகாரம். புதுசா ஆரம்பிக்குறவங்க நிறைய பேர் அங்கயே உக்காந்துருவாங்க, அதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்ல. இயேசுவோட வாழ்க்கையைச் சொல்ற மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பிங்க, மொத்தமே 16 அதிகாரம், நாளைக்கு ஒண்ணுன்னாலும் 16 நாள்ல ஒரு புத்தகம் முடிச்ச சந்தோஷம் வந்துரும். அப்புறம் சங்கீதம். நீதிமொழிகள்ல 31 அதிகாரம் இருக்கறதால இன்னைக்கு என்ன தேதியோ அந்த அதிகாரம்னு நிறைய பேர் படிப்பாங்க, அதுவும் நல்ல வழி. பழைய மொழிபெயர்ப்புல வார்த்தை புரியலைன்னா எளிய தமிழ்ல வந்ததை பக்கத்துல வச்சுக்குங்க, அதுல ஒரு பாவமும் இல்ல.

நான் பண்றது இவ்ளோதான். படிக்குறப்ப ஏதாவது ஒரு வசனம் மனசுல தைக்கும், அங்க நின்னுடுவேன், அதிகாரம் முடியலைன்னாலும் பரவால்ல. அந்த வசனத்தையே திருப்பி ஆண்டவர்கிட்ட சொல்லி ஜெபமா ஆக்குவேன். வார்த்தையே வராத நாள்ல 13ம் சங்கீதத்தை அப்படியே வாசிப்பேன், "எதுவரைக்கும்"னு தாவீதே கேட்டிருக்கும்போது நாம கேக்கறதுக்கு என்ன. பக்கத்துல ஒரு சின்ன நோட்டு இருக்கும், யார் யாருக்காக ஜெபிக்கணுமோ அவங்க பேரெல்லாம் அதுல, தினமும் எல்லாரையும் இல்ல, ஒவ்வொரு கிழமைக்கும் நாலஞ்சு பேர். ஜெபத்துக்கு நடுவுல கரண்ட் பில் கட்டலையேன்னு ஞாபகம் வருமில்ல, அதையும் அந்த நோட்டுலயே கடைசி பக்கத்துல எழுதிட்டு திரும்ப வந்துருவேன், மனசை அடக்க சண்டை போட்டா அதுலயே நேரம் போயிடும்.

காலைலதான் பண்ணனும்னு சட்டம் இல்லைங்க. மாற்கு 1:35ல இயேசு இருட்டோடே எழுந்து போனாருன்னு இருக்கு, சரி, ஆனா தானியேல் தினம் மூணு வேளை ஜெபிச்சாரு, 55ம் சங்கீதத்துல அந்திசந்தி மத்தியானம்னு வருது, 63ம் சங்கீதத்துல படுக்கையில ராச்சாமத்துல தியானம்னு வருது. நைட் ஷிப்ட் பாக்குறவங்களுக்கு விடியக்காலம்ங்கறதே வேற. ரொம்ப சோர்ந்து போயிருந்தா முதல்ல தூங்குங்க, 1 இராஜாக்கள் 19ல செத்துப்போனா போதும்னு சொன்ன எலியா தீர்க்கதரிசிக்கு தூதன் பிரசங்கம் பண்ணல, எழுந்து சாப்பிடுன்னு அடையும் தண்ணியும் குடுத்தான், சாப்பிட்டு திரும்பவும் படுத்துத் தூங்குனாரு.

ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா? அடுத்த நாள் ஆறு அதிகாரமா சேத்து படிச்சு கடனை அடைக்கப் பாக்காதீங்க. வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு வானத்துலருந்து குடுத்த மன்னாங்கற அப்பத்தை அன்னன்னைக்குத்தான் பொறுக்கச் சொன்னாரு ஆண்டவர், மறுநாளுக்கு வச்சதுல பூச்சி பிடிச்சு நாறிடுச்சு, யாத்திராகமம் 16. விட்ட நாள் விட்டதுதான், இன்னைக்கு உள்ள பங்கை மட்டும் எடுங்க. அட்டவணை வச்சு படிக்குறவங்க தேதியெல்லாம் அழிச்சிட்டு "அடுத்தது என்ன"ன்னு மட்டும் பாருங்க, நான் தேதியை அழிச்சப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

சின்ன பிள்ளைங்க இருக்குற அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. உக்காந்த உடனே கூப்பிடுறாங்கன்னு நொந்துக்காதீங்க. மாற்கு 1:35க்கு அடுத்த ரெண்டு வசனத்தையும் பாருங்க, இயேசுவை அவரோட சீஷன் சீமோனும் கூட இருந்தவங்களும் தேடிட்டு வந்து எல்லாரும் உம்மை தேடுறாங்கன்னு சொல்லிட்டாங்க, அவரோட ஜெபத்துக்கே இடைஞ்சல் வந்திருக்கு, அவர் கோவிச்சுக்கல, எழுந்து அடுத்த ஊருக்கு போகலாம்னு கிளம்பிட்டாரு. விட்ட இடத்துல ஒரு அடையாளத்தை வச்சிட்டு போங்க, அப்புறம் வந்து ரெண்டு வசனம்.

ஜெபம் பண்ணும்போது அறைவீட்டுக்குள்ள, அதாவது உள் அறைக்குள்ள, போய் கதவை பூட்டுன்னு இயேசு சொல்லியிருக்காரு, ஆனா பூட்டறதுக்கு தனி ரூம் எல்லார் வீட்லயும் இல்லையே. மொட்டை மாடி, சாமான் வைக்கிற அறை, நிறுத்தின வண்டி, எல்லாமே அறைவீடுதான், தினமும் அதே இடமா இருந்தா மட்டும் போதும், அங்க உக்காந்த உடனே மனசு தானா அடங்க பழகிக்கும். எல்லாரும் தூங்குறாங்க, சத்தம் போட முடியலைன்னா உதடு மட்டும் அசைஞ்சா போதும், 1 சாமுவேல் 1ல பிள்ளை வேணும்னு அழுத அன்னாள் அப்படித்தான் ஜெபிச்சா. யாராவது பாத்தா ஒரு மாதிரி நினைப்பாங்களோன்னு யோசிக்காதீங்க, அவளை பாத்து குடிச்சிருக்கான்னு நினைச்சது ஆசாரியனான ஏலியே தான்.