பல வகைப் பறவைகளை ஒரே கூண்டில் விடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பறவைக் கடையில் ஒரே கூண்டுக்குள் லவ் பேர்ட்ஸ், பிஞ்ச் என்கிற சின்னக் குருவிகள், கொண்டை வைத்த காக்டெய்ல் கிளி எல்லாம் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வகைக்கு ஒரு ஜோடி வாங்கி வந்து வீட்டுக் கூண்டில் விடுகிறவர்கள் நிறைய. கடையில் இருப்பவை பெரும்பாலும் இளசுகள், புது இடத்து மிரட்சியில் இருப்பவை, அங்கே முட்டையிடும் பானை கிடையாது, விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டியது எதுவும் கிடையாது. வீட்டுக்கு வந்து நன்றாகத் தின்று பழகி, தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்த பிறகுதான் அதே பறவையின் சுபாவம் தெரியும். அப்போது அடிபடுவது பெரும்பாலும் சின்னதுதான்.

அதனால் முதலில் அலகைப் பாருங்கள், கலரை அப்புறம் பார்க்கலாம். ஜீப்ரா பிஞ்ச் 12 கிராம் அளவுதான் இருக்கும். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற பட்ஜி 30, 40 கிராம், அதோடு வளைந்த அலகு. பட்ஜிக்குக் கோபம்கூட வர வேண்டாம், எதையும் கடித்துப் பார்க்கிற ஆர்வத்திலேயே பிஞ்ச்சின் காலைப் பிடித்துவிடும், தீக்குச்சியைவிட மெல்லிய அந்தக் கால் ஒரே கடியில் ஒடிந்துவிடும். வளைந்த அலகுக்காரர்கள் ஒரு கூண்டு, பிஞ்ச் வகையெல்லாம் இன்னொரு கூண்டு என்று பிரித்துவிடுங்கள். ஆளே உள்ளே போய் நிற்கிற அளவு பெரிய கூண்டில் இரண்டையும் சேர்த்து வைக்கிறவர்கள் உண்டு. வீட்டு வராந்தாக் கூண்டில் அது வேண்டவே வேண்டாம்.

ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்பது பட்ஜி அல்ல, வேறு கிளி; அதை வேறு எதோடும் சேர்க்காதீர்கள். ஏறக்குறைய 50 கிராம்தான், ஆனால் தன்னைப் போல இரண்டு பங்கு கனமுள்ள காக்டெய்லையே துரத்தித் துரத்திக் கால் விரலைக் கடிக்கும். பக்கத்துக் கூண்டின் கம்பியைப் பிடித்துத் தொங்கும் பறவையின் விரலைக்கூட விடாது, அதனால் இரண்டு கூண்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளியாவது விடுங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: ஜீப்ரா பிஞ்ச், பெங்காலீஸ் (இதுவும் பிஞ்ச் வகைதான்), கூடவே டைமண்ட் டவ் என்கிற சின்னப் புறா ஒரே ஒரு ஜோடி. பிஞ்ச்கள் மேலே கிளைகளில் பறந்துகொண்டிருக்கும், டவ் பெரும்பாலும் தரையில் நடந்து பொறுக்கும், அதனால் ஒன்றின் வழியில் ஒன்று வராது. டவ் விதையை உரிக்காமல் முழுசாக விழுங்கும் என்பதால் அதற்குக் கொஞ்சம் கிரிட் (விதையை அரைக்க உதவும் பொடிக்கல்) தனியாக வைக்க வேண்டும். ஆண் டவ் இரண்டு இருந்தால் அடித்துக்கொள்ளும், ஒரு ஜோடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடம் தாராளமாக இருந்தால் காக்டெய்லும் பட்ஜியும் ஒத்துப்போகும். இதில் தொல்லை கொடுப்பது சின்னப் பறவையான பட்ஜிதான், காக்டெய்ல் சாது. ஆனால் காக்டெய்ல் இரவில் திடீரென்று பயந்து இறக்கையை அடித்துப் பறக்கும், ஒன்று பறந்தால் கூண்டே கலவரமாகும். ஒரு சின்ன நைட் லேம்ப் போட்டு வையுங்கள், தீபாவளி சமயத்தில் கட்டாயம்.

பச்சைக்கிளி, மைனா, சில்லை போன்ற நம் ஊர்ப் பறவைகளை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

கூண்டுக்கு உயரத்தைவிட நீளம்தான் முக்கியம், பறவை பக்கவாட்டில்தான் பறக்கிறது. மேலே சொன்ன பிஞ்ச், டவ் கூட்டத்துக்கு 4 அடி நீளம், 2 அடி அகலமாவது வேண்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. புது ஜிஐ வலை (துத்தநாகம் பூசிய கம்பி வலை) என்றால் வினிகர் தொட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள், அதில் ஒட்டியிருக்கும் துத்தநாகத்தைக் கொறித்தால் பறவைக்கு விஷம். உட்கார கொய்யாக் கிளை, வேப்பங்கிளை என்று தடிமன் மாறி மாறி இருக்கட்டும். எல்லாப் பறவைக்கும் இரவில் உயரமான இடம்தான் வேண்டும், மேலே ஒரே ஒரு கிளை இருந்தால் தினமும் சாயங்காலம் அதற்கே சண்டை, அதனால் ஒரே உயரத்தில் இரண்டு மூன்று கிளைகளைக் கட்டுங்கள். தீவனமும் தண்ணீரும் இரண்டு இடத்தில், ஒன்றுக்கொன்று எதிர் மூலையில். தினை பொதுவாக எல்லாவற்றுக்கும் ஆகும், கொத்திச் சுண்ணாம்புச் சத்து எடுத்துக்கொள்ள கடல் நுரை (கணவாய் ஓடு) ஒன்று தொங்கட்டும். சூரியகாந்தி விதையைப் பொதுத் தட்டில் போடாதீர்கள், காக்டெய்லுக்கு வைத்ததைப் பட்ஜி தின்று கொழுத்துவிடும்.

பானை வைக்கவே வைக்காதீர்கள். கலப்புக் கூண்டில் நடக்கிற கொலைகளில் பல பானைக்காக நடப்பவைதான், அதிலும் பெண் பட்ஜி அடுத்ததன் பானைக்குள் புகுந்து குஞ்சைக் கொன்றுவிடும். குஞ்சு எடுக்க ஆசை என்றால் அந்த ஜோடியைத் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள்.

புதுப் பறவை எதுவானாலும் 30 நாள் வேறு அறையில் இருக்கட்டும். டவ் வகையில் வாய்ப்புண் நோய் தண்ணீர்க் கிண்ணம் வழியாக மற்றதற்கும் போகும். பறவையிடமிருந்து மனிதருக்கே வரும் சிட்டகோசிஸ் என்கிற நோய் காய்ந்த எச்சத் தூசியில் பரவும், ஆகவே எச்சம் விழும் அடித்தட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். அந்த 30 நாள் முடிந்ததும் ஒரு வாரம் சின்னக் கூண்டில் வைத்துப் பெரிய கூண்டுக்குப் பக்கத்தில் காட்டுங்கள். பிறகு காலை நேரத்தில், உள்ளே கிளைகளை எல்லாம் இடம் மாற்றிக் கட்டிவிட்டு விடுங்கள், அப்போது பழையவற்றுக்கும் அது புது இடம் போலத்தான் இருக்கும்.

முதல் சில நாள் தீவனம் வைக்கும் நேரமும் இருட்டும் நேரமும் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். கழுத்தில் இறகு போயிருக்கிறதா, ஏதாவது ஒன்று தரையிலேயே குன்றி உட்கார்ந்திருக்கிறதா, தட்டுக்கு வரப் பயப்படுகிறதா, விரலில் ரத்தமா, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே பிரித்துவிடுங்கள், நாளைக்குச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். இதற்காகவே ஒரு காலிக் கூண்டு எப்போதும் வீட்டில் தயாராக இருக்க வேண்டும். காயமில்லை, துரத்தல் மட்டும்தான் என்றால் துரத்துகிறதை ஒரு வாரம் வெளியே எடுத்து வைத்து, கிளைகளை மாற்றிக் கட்டித் திரும்ப விட்டுப் பாருங்கள். மறுபடி துரத்தினால் அது தன் ஜோடியோடு தனிக் கூண்டில்தான் இருக்க வேண்டும்.