ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு குடிபெயர்கிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஏற்காடு ஏரிக்கரையில் ஏப்ரல் மாதம் ஒரு மாலை நின்று பார்த்தவர்களுக்கு அங்கேயே குடிவந்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. கீழே சேலம் கொதித்துக்கொண்டிருக்கும்; மேலே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் உள்ள குடும்பம் அந்த ஒரு மாலையை நம்பி வீடு பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த ஊரில் மழையும் பனிமூட்டமும் உள்ள நாட்கள் நிறைய உண்டு. வீட்டில் நடக்க அதிகம் சிரமப்படுபவர் யாரோ அவருக்கு அடைமழை நாளில் அந்த வீடு சரிப்படுமா என்று பார்த்த பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

கோடையில் பார்த்து முடிவெடுப்பது

வீட்டை இரண்டு முறையாவது பாருங்கள். ஒரு முறை அக்டோபர், நவம்பரில் நான்கு நாள் மழைக்குப் பிறகு. இன்னொரு முறை மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மழையில் போனால் எந்தச் சுவர் ஊறுகிறது, எந்த அலமாரியில் பூஞ்சை வாடை அடிக்கிறது, வாசல் படியில் பாசி பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். வெள்ளையடித்து ஒரு வாரம்கூட ஆகாத சுவரை நம்பாதீர்கள். பீரோவை நகர்த்தி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மேட்டை ஒட்டிய பின்சுவரின் அடிப்பகுதியைக் கையால் தொட்டுப் பாருங்கள். மண்ணை வெட்டி அதை ஒட்டிக் கட்டிய சுவரானால், பின்னால் மழைநீர் வடிய வாய்க்கால் இருக்க வேண்டும். இல்லையென்றால் எத்தனை முறை வண்ணம் பூசினாலும் ஈரம் திரும்ப வரும்.

மே மாதச் சனிக்கிழமை போய்ப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் கூட்டம். கோடை விழா நாட்களிலும் தொடர் விடுமுறைகளிலும் ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து ஏரிச்சாலை முழுக்க வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஏரி தெரியும் வீட்டை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். அந்தச் சாலையிலேயே வீடு என்றால் அவசரத்துக்கு ஆம்புலன்ஸும் அதே நெரிசலில்தான் வந்தாக வேண்டும். ஏரியை ஒட்டிய பள்ளத்தில் ஈரமும் கொசுவும் அதிகம். பத்து நிமிடம் நடந்தால் ஏரி வருகிற, சற்று மேடான, காலை வெயில் விழுகிற வீடு பெரியவர்களுக்கு நல்லது.

மருத்துவத்தைக் கடைசியில் யோசிப்பது

இதில் செய்யும் தவறுக்குத்தான் விலை அதிகம். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உண்டு. காய்ச்சல், காயம், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் அங்கே போகலாம். மாரடைப்பு, பக்கவாதம், இடுப்பு முறிவு போன்றவற்றுக்குச் சேலம்தான். ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல நாளிலேயே ஒரு மணி நேரம் ஆகும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் தலையை ஸ்கேன் செய்தாக வேண்டும். "விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்க அங்கே நேரமில்லை. வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது இம்மூன்றும் வீட்டில் எல்லாருக்கும், பிள்ளைகள் உட்பட, தெரிந்திருக்க வேண்டும். 108-ஐ அழைத்தால் சொல்ல வேண்டிய முகவரியை, வழியில் வரும் கடை, கோயில் அடையாளத்தோடு எழுதிக் கதவில் ஒட்டிவையுங்கள். மலை ஊர்களில் கதவு எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்படுபவர் வீட்டில் இருந்தால் இப்போதைக்கு மேலே போகாதீர்கள். மாதம் 12 முறைக்கு மேல் மலையிறங்கி ஏறுவதை அந்த உடம்பு தாங்காது. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்குதான். நலமாக இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. நாள்பட்ட நுரையீரல் நோய், இதயம் பலவீனம், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டு வர வேண்டும். குளிரில் ரத்த அழுத்தம் கூடக்கூடும். அதனால் முதல் மாதம் வாரம் இருமுறை வீட்டிலேயே பார்த்துக் குறித்துவையுங்கள். மாத்திரைகளைக் கடைசி அட்டை வரை விடாமல் எப்போதும் 15 நாள் கையிருப்பு வைத்திருங்கள். சாலை அடைபடும் என்பது வெறும் பேச்சல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து சேலம் மலைப்பாதையில் போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. குடிவந்த முதல் வாரத்திலேயே பகலில் ஒருமுறை அதில் போய்ப் பழகிக்கொள்ளுங்கள்.

குளிர் தாங்காமல் கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைப்பது உயிரைப் பறிக்கும். கதவு, ஜன்னல் சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, உறக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கம்பளி, காலுறை, வெந்நீர்ப் பை இவை போதும். மிஞ்சினால் மின்சார ஹீட்டரை வைத்து உறங்கும் முன் அணைத்துவிடுங்கள்.

படிகளை எண்ணாமல் வீடு பிடிப்பது

மலை வீட்டில் "தரைத்தளம்" என்ற சொல்லை நம்ப வேண்டாம். சாலையிலிருந்து 20 படி இறங்கினால்தான் அந்தத் தரைத்தளம் வரும். கார் நிற்கும் இடத்திலிருந்து தாத்தாவின் கட்டில் வரை எத்தனை படி என்று எண்ணுங்கள். ஸ்ட்ரெச்சர் அந்த வழியில் திரும்புமா என்றும் பாருங்கள். சாய்தளம் போடுவதானால் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளம் பிடிக்கும். இரண்டு படிக்கு மேல் போனால் சாய்தளத்துக்கு இடம் கிடைப்பதே அரிது; இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி போடுங்கள்.

பெரியவர்கள் அறையோடு ஒட்டிய கழிப்பறை கட்டாயம் வேண்டும். இருக்கை 45 சென்டிமீட்டர் உயரம், அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில் சுவரில் பதித்த கம்பி, வழுக்காத தரை. இரவு குளிரில் முற்றத்தைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போக வைக்காதீர்கள். எட்டுப் பேருக்கு இரண்டு கழிப்பறைக்குக் குறைந்தால் காலை ஏழு மணிக்குத் தினமும் வீட்டில் சண்டை வரும்.

தண்ணீரையும் மின்சாரத்தையும் விசாரிக்காமல் விடுவது

"தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை" என்று மழைக்காலத்தில் சொல்வது எளிது. ஏப்ரலில் கிணற்றில் எத்தனை அடி நிற்கும், லாரி அந்தத் தெருவுக்குள் வருமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 135 லிட்டர் கணக்கு. எட்டுப் பேருக்கு ஏறத்தாழ 1,000 லிட்டர். மூன்று நாள் தாங்க 3,000 லிட்டர் சேமிப்பு வேண்டும். தொட்டி மூடியைக் கம்பியால் கட்டுங்கள், குரங்கு திறந்துவிடும். கழிவுநீர்த் தொட்டி கிணற்றுக்கு மேற்புறச் சரிவில் இருந்தால் அந்த வீடே வேண்டாம்.

காற்று மழையில் மரக்கிளை விழுந்து மின்கம்பி அறுபடுவது அங்கே வழக்கம். சாதாரண இன்வெர்ட்டரை விளக்குக்கும் மின்விசிறிக்கும் கணக்குப் போட்டு வாங்குவார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டர் ஒன்றே சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி புதிதாக இருந்தாலும் அதைக் கொண்டு நான்கு மணி நேரம் தாண்டுவது கடினம். அப்படிப்பட்ட கருவி வீட்டில் இருந்தால் இரண்டு பேட்டரி, சைன்வேவ் இன்வெர்ட்டர், அதோடு ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும் வேண்டும். செல்போன் சிக்னலை ஒவ்வோர் அறையிலும் நின்று பாருங்கள், குறைந்தது இரண்டு நிறுவனங்களின் சிம்மோடு. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு ஃபைபர் இணைப்பு அந்தத் தெரு வரை வந்திருக்கிறதா என்பதைக் கேட்டு உறுதிசெய்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

உடனே நிலம் வாங்குவது

முதல் ஓராண்டு வாடகையில் இருப்பதுதான் நல்லது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது.

அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால் சமவெளியில் பார்க்கும் பட்டா, சிட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று இவை மட்டும் போதாது. மலைவாழ் மக்களுக்கோ நிலமற்றவர்களுக்கோ அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலமா என்று வருவாய்த் துறையின் 'அ' நிலப் பதிவேட்டிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் பாருங்கள். அப்படியானால் பத்திரம் பதிவானாலும் நிலம் உங்கள் கையில் நிற்காது. காபித் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. தோட்டமாக இருப்பதால்தான் அந்த நிலம் நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றிருக்கும்; வீட்டு மனையாக்கினால் அந்த விலக்கே கேள்விக்குள்ளாகும். மலைப்பகுதியில் மனைக்கும் கட்டடத்துக்கும் தனி அனுமதிகள் உண்டு. வீட்டின் மேல் சாயும் சில்வர் ஓக் மரத்தைக்கூட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வெட்ட முடியும். "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற தரகரை விட்டு விலகுங்கள்.

பள்ளி, ரேஷன், ஓய்வூதியம்

பிள்ளைகளை ஆண்டு நடுவில் மாற்றாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. பழைய பள்ளி, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். அதைச் செய்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டு ஊரை விட்டுக் கிளம்புங்கள். குடும்ப அட்டை, ஆதார், எரிவாயு மூன்றிலும் முகவரி மாற்றும்போது முதலில் வாடகை ஒப்பந்தத்தைத் தயாராக வைத்துக்கொண்டால் மற்றவை வரிசையாக நடக்கும். எரிவாயுவில் இரட்டைச் சிலிண்டர் இணைப்பு அவசியம். பெரியவர்கள் முதியோர் உதவித்தொகை பெறுகிறார்கள் என்றால் பழைய வட்டத்திலும் புதிய வட்டத்திலும் எழுத்தில் தெரிவியுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாங்குபவர்கள் புதிய ஊரின் செவிலியரிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

சாமான் எல்லாவற்றையும் ஏற்றுவது

நீளமான கன்டெய்னர் லாரி கொண்டை ஊசியில் திரும்பாது. 14 அடி லாரிக்கு மேல் வேண்டாம், அதுவும் பகலில். பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளைக் கீழேயே விற்றுவிடுங்கள். ஈரத்தில் ஊதி, கீல் கழன்றுவிடும். கட்டில், பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

இரண்டு திடமான பெரியவர்கள் ஒரு வாரம் முன்னதாகப் போய்த் தண்ணீர், எரிவாயு, கீசர், கட்டில் இவற்றைச் சரிசெய்த பிறகு மற்றவர்கள் வரட்டும். தாத்தா பாட்டியைச் சாமான் லாரியோடு ஒரே நாளில் அழைத்துவராதீர்கள். மலையேறும் முன் இரண்டு மணி நேரத்துக்கு முந்தி இரண்டு இட்லி போதும். தலைசுற்றும் பிள்ளைகளை முன்பக்கம் பார்க்கும்படி உட்கார வையுங்கள். நீங்களே வண்டி ஓட்டினால், ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

சமையலறையிலும் கணக்கு மாறும். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமெடுக்கும், குக்கரில் வையுங்கள். இட்லி மாவு டிசம்பரில் எட்டு மணி நேரத்தில் பொங்காது. மதியமே அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய அகலப் பாத்திரத்துக்குள் வைத்துக் கம்பளியால் மூடினால் காலையில் சரியாக இருக்கும். அரிசியும் அப்பளமும் காற்றுப்புகாத டப்பாவில் இருக்கட்டும். ஒரு மாத அளவுக்கு மேல் வாங்கிவைக்க வேண்டாம்.

பெரியவர்களைக் கேட்காமல் முடிவு செய்வதும், பழைய வீட்டை விற்றுவிடுவதும்

"அப்பாவுக்கு நல்ல காற்று கிடைக்கும்" என்று பிள்ளைகளே பேசி முடித்துவிடுகிறார்கள். அப்பாவுக்குத் தினமும் மாலை திண்ணையில் பேச நான்கு பேர் இருந்தார்கள். இங்கே ஐந்து மணிக்கே பனி இறங்கிக் கதவைச் சாத்திவிடுகிறோம். அவர் தனியாக நடந்து போய் வரக்கூடிய தூரத்தில் ஒரு டீக்கடை, கோயில் அல்லது நூலகம், சமமான பாதை இருக்கிறதா என்று அவரையே நடக்கவிட்டுப் பாருங்கள். ஜூலையில் பத்து நாள், நவம்பரில் பத்து நாள் அவரோடு தங்கிய பிறகு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அவரிடம் தனியாகக் கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் "உங்கள் விருப்பம்" என்றுதான் சொல்வார்.

பழைய வீடு சொந்த வீடானால் முதல் இரண்டு மழைக்காலம் கழியும்வரை விற்காதீர்கள். 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு மாத முன்னறிவிப்பில் காலி செய்ய வேண்டும் என்ற வரி இருக்கட்டும். முடிந்தால் ஓர் அறையைப் பூட்டி, அம்மாவின் கட்டிலையும் இரண்டு பாத்திரங்களையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.