சாய்தளம் கேட்டு மனு எழுதுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு

என் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. எங்கே போனாலும் சக்கர நாற்காலிதான். ஒரு சான்றிதழுக்காகத் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் மூன்று படி. நானும் ஓர் ஆட்டோக்காரரும் நாற்காலியோடு அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோனோம். வேலை முடிந்தது. திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: "முப்பத்தெட்டு வயசுலயும் என்னைத் தூக்கிட்டுத்தான்டா போகணும்."

அன்று இரவே, படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை, அதாவது சாய்தளம் வேண்டும் என்று மனு எழுத உட்கார்ந்தோம். முதல் மனுவில் ஒரு பெரிய தப்பு செய்தோம். அதை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. அட்டை

மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு ஊனத்தின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் பயணம் இலவசம். அசல் அட்டையோடு இரண்டு ஜெராக்ஸ் எப்போதும் பையில் இருந்தால் கண்டக்டரிடம் பேசுவது எளிது.

2. சட்டத்தில் எதைப் பிடித்துக்கொள்வது

முழுச் சட்டத்தையும் படிக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்ற பெயரையும் இரண்டு பிரிவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிவு 41 போக்குவரத்துக்கு. பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம் ஆகியவற்றில் வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, டிக்கெட் கவுண்டர் எல்லாம் மாற்றுத்திறனாளி பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது.

பிரிவு 45 ஏற்கெனவே கட்டி முடித்த பொதுக் கட்டடங்களுக்கு. விதிகள் வந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் அவற்றை மாற்றியமைக்க வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில். அப்படியென்றால் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. "பழைய கட்டடம்ங்க, என்ன பண்றது" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். தனித்தனியாக நீட்டிப்புத் தர சட்டத்தில் இடம் உண்டு. அப்படித் தந்திருந்தால் அந்த உத்தரவைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள்.

3. டேப் எடுத்து அளங்கள்

நாங்கள் தவறவிட்டது இதைத்தான். முதல் மனுவில் "வாசலில் சாய்தளம் அமைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒற்றை வரி எழுதினோம். சில மாதத்தில் சாய்தளம் வந்தது! சந்தோஷமாகப் போய்ப் பார்த்தால், டூவீலரை ஏற்றுவதற்குப் போடுவது போலச் செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவு. அக்காவின் நாற்காலி பாதியிலேயே பின்பக்கமாகச் சாய்ந்தது. நான் பிடித்திருக்காவிட்டால் தலையில் அடிபட்டிருக்கும். ஆனால் அலுவலகக் கோப்பில் "கோரிக்கை நிறைவேற்றப்பட்டது" என்று இருந்தது.

கணக்கு எளிது. ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம். படி ஒவ்வொன்றும் அரை அடி என்றால் மூன்று படிக்கு ஒன்றரை அடி உயரம். அதை 12-ஆல் பெருக்கினால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். எங்களுக்குப் போட்டது வெறும் 5 அடி.

அகலம் 1200 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 4 அடி. இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. மேலே கதவுக்கு முன்னால் நாற்காலி நிற்கச் சமதளம். கதவுத் திறப்பு 900 மில்லிமீட்டர். நீங்களே அளந்து ஒரு தாளில் குறியுங்கள். டேப் படியின் மேல் இருக்கும்படி போட்டோவும் எடுங்கள்.

பேருந்து விஷயம் என்றால் வண்டி எண், தடம், தேதி, நேரம், ஏறிய இடம். ஏற்றாமல் போன வண்டியைப் பற்றிக் கோபமாக இரண்டு பக்கம் எழுதுவதைவிட இந்த ஐந்தும் வேலை செய்யும்.

4. மனு

ஒரு பக்கம் போதும். ஒரு மனுவில் ஒரு இடத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எங்கள் இரண்டாவது மனுவின் நடு வரிகள் இவை:

"மேற்படி அலுவலக வாசலில் தரையிலிருந்து வாயிற்படி வரை உயரம் 18 அங்குலம். தற்போதுள்ள சாய்தளத்தின் நீளம் 5 அடி மட்டுமே. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பிரிவு 45-இன்படி, 1:12 சரிவில், 18 அடிக்குக் குறையாத நீளத்தில், இருபுறக் கைப்பிடியுடன் சாய்தளம் அமைக்கவும், எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்."

"கருணை கூர்ந்து" என்று எழுத வேண்டாம். அந்த வார்த்தையை அக்காதான் அடித்தார்.

5. எங்கே கொடுப்பது

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் கொடுங்கள். அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், அரூர்ப் பக்கத்து மலையூர்களிலிருந்து தருமபுரிக்கும் சக்கர நாற்காலியோடு வந்து போவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பலாம். முதல்வரின் உதவி எண் 1100-க்குப் போன் செய்தும் புகார் பதியலாம்.

பேருந்துப் புகார் என்றால் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தருமபுரி மண்டல அலுவலகத்துக்கு. அது சேலம் கோட்டத்தில் வருகிறது. தருமபுரி ரயில் நிலையம் என்றால் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்துக்கு எழுத வேண்டும், சேலத்துக்கு அனுப்பினால் வீணாகச் சுற்றும்.

6. பதில் வராவிட்டால்

ஒரு மாதம் பாருங்கள். அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன? சாய்தளத்துக்கான மதிப்பீட்டின் நகல் தரவும்" என்ற இரண்டு கேள்வி போதும். எங்கள் விஷயத்தில் வேலை நகர்ந்தது இதற்குப் பிறகுதான்.

அதுவும் பலிக்காவிட்டால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். விசாரணையின்போது சம்மன் அனுப்பவும் ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. இதுவரை சேர்த்த சீட்டு, போட்டோ, பதில் எல்லாவற்றின் நகலையும் தேதி வரிசையில் வைத்து அனுப்புங்கள்.

7. கட்டிய பிறகு ஏறிப் பாருங்கள்

"முடிந்தது" என்று கடிதம் வந்ததும் விட்டுவிடாதீர்கள். நாற்காலியில் போகிறவரே ஏறிப் பார்க்க வேண்டும். முடிந்தால் கட்டும்போதே போய் மேஸ்திரியிடம் பேசுங்கள். எங்கள் வாசலில் நேராக 18 அடிக்கு இடமில்லை. சுவரோரமாகத் திருப்பி, திரும்பும் இடத்தில் ஐந்துக்கு ஐந்து அடி சமதளம் விட்டுக் கட்டினார்கள். அந்த யோசனையைச் சொன்னது மேஸ்திரிதான்.

அக்கா யார் கையும் படாமல் ஏறி உள்ளே போனார். போனவர் கையோடு கொண்டுபோன டேப்பால் கழிப்பறைக் கதவை அளந்துவிட்டு வந்தார். திறப்பு 24 அங்குலம், அவருடைய நாற்காலி 26. அந்த மனுவை இந்தத் திங்கட்கிழமை கொடுக்கிறோம்.