நொய்யலில் கல்லைப் புரட்டிப் பார்ப்பது எப்படி?

தண்ணீர் தெளிவாக ஓடுகிறதே என்று ஆற்றை நம்பிவிடாதீர்கள். ராத்திரி யாராவது கழிவைத் திறந்துவிட்டால் விடிவதற்குள் அது கடந்துபோயிருக்கும். கல்லடியில் மாதக்கணக்கில் இருக்கும் பூச்சிகள் அப்படிக் கடந்துபோவதில்லை, வந்ததையெல்லாம் பட்டு அனுபவிக்கின்றன. அதனால் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதலில் கல்லைத்தான் புரட்டச் சொல்வேன்.

வெள்ளைத் தட்டு, பழைய பெயின்ட் பிரஷ், டீ வடிகட்டி போதும். மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்த தை, மாசியில் போங்கள். மேலே மலையில் மேகம் கறுத்திருந்தால் இறங்கவே வேண்டாம்.

முதலில் வெள்ளியங்கிரி அடிவாரப் பக்கம். முழங்காலுக்குக் கீழே, கூழாங்கல் மேல் சலசலவென்று ஓடும் இடமாகப் பாருங்கள். வடிகட்டியைக் கல்லுக்குக் கீழ்ப்புறம், தண்ணீர் போகும் பக்கம் பிடித்துக்கொண்டு கல்லை மெல்லத் தூக்குங்கள். அடிப்பக்கத்தைத் தட்டுத் தண்ணீரில் பிரஷால் தேயுங்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள், தூசி என்று நினைத்தது நடக்க ஆரம்பிக்கும்.

வயிற்றோரம் செவுள் படபடக்க, நூல் மாதிரி மூன்று வால் இருந்தால் மேஃப்ளை என்ற பறக்கும் பூச்சியின் குஞ்சு. ஊசித்தட்டான் குஞ்சுக்கும் மூன்று வால் உண்டு, ஆனால் இலைபோலத் தட்டை. இரண்டே வாலும் கால் மூட்டருகே பஞ்சுபோல் செவுளும் இருந்தால் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு. ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும் இது தாங்காது. இதைப் பார்த்த நாளெல்லாம் எனக்கு நல்ல நாள்.

அப்புறம் கோவையைத் தாண்டி வந்து, கையுறை போட்டுக்கொண்டு, இதையே செய்யுங்கள். சாக்கடையை நுண்ணுயிர்கள் தின்னும்போது ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் செம்புழுதான், கொசு மாதிரி இருக்கும் ஒரு பூச்சியின் குஞ்சு. நம் ரத்தத்தில் இருப்பதுபோல ஹீமோகுளோபின் அதற்கும் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு, அதை வைத்துத்தான் பிழைக்கிறது. சாக்கடையே கலக்காத இடத்திலும் பூச்சி குறைந்திருந்தால் கற்களுக்கு நடுவே விரலை விட்டுப் பாருங்கள். மண் அடைத்திருக்கும், அல்லது மணல் அள்ளி அடித்தரையே போயிருக்கும்.

திருப்பூர்ப் பக்கம், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரும் வேண்டும். சாயப்பட்டறைக் கழிவின் நிறத்தை நீக்கினாலும் அதில் கரைந்த உப்பு நிற்கும். பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

தேதி, இடம், எத்தனை வகை என்று குறித்துக்கொள்ளுங்கள். பூச்சிகளைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, கல்லை எடுத்த இடத்தில், அதே பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள்.