"கண்ணே ஏமாற்றுகிறது, அப்புறம் எதை நம்புவது?" என்ற வாதத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

தண்ணீரில் பாதி முங்கிய குச்சி வளைந்து தெரிகிறது, ஆனால் குச்சி நேரானது, ஆகவே நாம் பார்ப்பது குச்சியை அல்ல, மனசுக்குள் இருக்கும் ஒரு பிம்பத்தை மட்டும்தான் என்று யாராவது சொன்னால், அவசரப்பட்டுத் தலையாட்டவும் வேண்டாம், சிரித்து ஒதுக்கவும் வேண்டாம். பிரிட்டிஷ் தத்துவவாதி ஏ. ஜே. அயர் 1940ல் இதைக் கவனமாக எடுத்து வைத்திருக்கிறார். லேசுப்பட்ட வாதம் இல்லை.

முதலில் ஒரு தாளில் வரிவரியாக எழுதுங்கள். குச்சி நேரானது. எனக்கு வளைந்து தெரிகிறது. அப்படியானால் வளைந்த ஏதோ ஒன்று என் முன்னால் இருக்கிறது. அது குச்சி இல்லை. சாதாரணமாகப் பார்க்கும்போதும் அனுபவம் இதே மாதிரிதான், ஆகவே எப்போதும் நாம் பார்ப்பது அந்த ஒன்றைத்தான்.

இப்போது மூன்றாவது வரியில் கை வையுங்கள். 'வளைந்து தெரிகிறது' என்பதிலிருந்து 'வளைந்த ஒன்று இருக்கிறது' என்பதற்கு எப்படிப் போனோம்? இதைக் கொள்கையாகவே ஏற்கிறவர்கள் உண்டு, ஆனால் அதற்கு அவர்கள் தனியாகக் காரணம் காட்ட வேண்டும். குச்சியை வைத்து மட்டும் அது கிடைக்காது.

ஏன் என்பதைச் செய்தே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பென்சிலைச் சாய்த்துப் போட்டு, செல்போனில் படம் எடுங்கள். படத்திலும் பென்சில் ஒடிந்த மாதிரிதான் இருக்கும். கேமராவுக்கு மனசு கிடையாது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33, அதனால் ஒளி காற்றுக்குள் வரும்போது திசை மாறுகிறது, முங்கிய பகுதி மேலே ஏறித் தெரிகிறது. நேரான பென்சில் தண்ணீரில் அப்படித்தான் தெரிய வேண்டும்; துளிகூட ஒடியாமல் தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் இந்தப் பதிலை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடாதீர்கள். 1889ல் ஜெர்மானிய அறிஞர் முல்லர்-லையர் வெளியிட்ட படத்தில் இரண்டு கோடுகளும் ஒரே நீளம், முனைகளில் உள்ள அம்புக்குறிகள் மட்டும் ஒன்றில் உள்பக்கமாகவும் இன்னொன்றில் வெளிப்பக்கமாகவும் திரும்பியிருக்கும். ஸ்கேல் வைத்து அளந்து சமம் என்று உறுதிசெய்த பிறகும் ஒன்று நீளமாகவே தெரிகிறது. இங்கே கேமரா உதவாது. தெரிவது வேறு, நம்புவது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது கடைசி வரி. அனுபவம் ஒரே மாதிரி இருந்தால் பார்க்கப்படும் பொருளும் ஒரே வகையாக இருக்க வேண்டுமா? இன்னொரு பிரிட்டிஷ் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் இதற்கு ஒரு அருமையான கேள்வி கேட்டார்: எலுமிச்சம்பழமும் சோப்பும் வேறுவேறு வகை என்பதற்காக, எலுமிச்சை போலவே இருக்கும் சோப்பு ஒன்று இருக்கவே முடியாதா?

சரி, எதிராளி இதற்குள் பிரமைக்குத் தாவியிருப்பார்: எதிரே எதுவுமே இல்லாதபோது தெரிகிறதே, அது என்ன? இதுதான் உண்மையிலேயே கடினமான இடம், இங்கே நிதானமாக இருங்கள். கயிற்றைப் பாம்பாகக் காண்பது பற்றி நம் தரிசனங்களும், அதாவது இந்தியத் தத்துவ மரபுகளும், பெரிய சண்டையே போட்டிருக்கின்றன. வேறெங்கோ கண்ட பாம்பு இங்கே தோன்றுகிறது என்றது நியாய தரிசனம். எதிரே இருப்பதைப் பார்ப்பதும் பாம்பின் நினைவும் வேறுவேறு என்று கவனிக்காததுதான் பிழை என்றார் மீமாம்சை மரபைச் சேர்ந்த பிரபாகரர். அந்தப் பாம்பு உள்ளதென்றும் இல்லாததென்றும் சொல்ல முடியாத ஒன்று என்றது அத்வைதம். மனசுக்குள் இருக்கும் பிம்பத்தைக் கொண்டுவராமலே பிழையை விளக்க முதல் இரண்டு வழிகளும் முயல்கின்றன. எதிராளியிடம் அவற்றை வைத்து, இவை ஏன் போதாது என்று கேளுங்கள். ஆனால் அங்கே கயிறாவது இருந்தது. எதுவுமே இல்லாத பிரமைக்கும் இந்த விளக்கங்கள் நீளுமா என்று அவர் திருப்பிக் கேட்டால், அது நியாயமான கேள்வி.