அலுவலகத்துக்குக் கணினி விற்பவரை எடைபோடுவது எப்படி

ஈரோட்டில் இருக்கும் ஒரு தணிக்கை அலுவலகம் 20 மேசைக் கணினிகள் வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கினால், ஒரு கணினிக்கு 1,500 ரூபாய் வரை வித்தியாசம் தெரியலாம். மொத்தத்தில் அது 30,000 ரூபாய். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. அந்த மாதக் கடைசி வாரத்தில் இரண்டு கணினிகள் படுத்துக்கொண்டு, விற்றவரும் தொலைபேசியை எடுக்காமல் இருந்தால், மிச்சம் பிடித்த தொகை எந்தக் கணக்கில் போய்ச் சேரும் என்பதைத் தணிக்கையாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே விற்பனையாளரை, கணினி கெட்டுப்போகும் நாளை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

விலையைப் பேசத் தொடங்கும் முன்பே, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். கணக்கு மென்பொருளான டேலியை ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறப்பார்கள், யுபிஎஸ்ஸின் திறன் எத்தனை கேவிஏ, கட்டடத்தில் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்பவர், பழுது என்றால் தாமே வந்து நிற்க வேண்டியிருக்கும் என்று எண்ணுபவர். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் மதர்போர்டு எரிந்துபோனால், சாதாரண உத்தரவாதம் பொதுவாக அதை ஏற்பதில்லை. எர்த்திங்கைப் பற்றிக் கேட்கும் விற்பனையாளருக்கு இது அனுபவத்தில் தெரிந்திருக்கும். எதுவுமே கேட்காமல் ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் விலை அனுப்புபவரிடம் விசைப்பலகை வாங்கலாம், கேபிள் வாங்கலாம். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் அலைந்து மலிவாக வாங்குவதும் அத்தகைய சில்லறைப் பொருள்களுக்குச் சரி. ஆனால் ஈரோட்டு அலுவலகத்தின் 20 கணினிகளுக்கு, பழுதுபார்ப்பவர் எத்தனை கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருவார் என்பதும் விலையில் ஒரு பகுதிதான்.

அடுத்து ஜிஎஸ்டி. ஒரு கணினி வரி நீங்கலாக 50,000 ரூபாய் என்றால், 20 கணினிகளுக்கு 10 லட்சம். அதற்கு 18 விழுக்காடு வரி 1,80,000 ரூபாய். இந்தத் தொகையை நீங்கள் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்க வேண்டுமானால், விற்றவர் தமது கணக்கில் உங்கள் பில்லைப் பதிவேற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், உங்களுக்குரிய வரவுகளைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அது வராது. விலையில் மிச்சமான 30,000 ரூபாயைப் போல ஆறு மடங்கு பணம் இங்கே சிக்கிக்கொள்ளும். ஜிஎஸ்டி இணையதளத்தில் கடவுச்சொல் எதுவும் இல்லாமலேயே விற்பனையாளரின் 15 இலக்கப் பதிவு எண்ணை இட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் 33 என்று தொடங்கும். பதிவு நடப்பில் இருக்கிறதா, எந்தத் தேதியில் பெறப்பட்டது, கணக்குகள் ஒழுங்காகத் தாக்கல் ஆகின்றனவா என்பவை அங்கே தெரியும். பெயர்ப்பலகையில் இருபது ஆண்டு அனுபவம் என்று எழுதியிருந்து, பதிவு மட்டும் ஆறு மாதத்துக்கு முன்புதான் பெறப்பட்டிருந்தால், காரணம் கேட்பதில் தவறில்லை. அவர் சிறு வணிகர்களுக்கான இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருந்தால் பில்லில் வரியைத் தனியே வசூலிக்க முடியாது. உங்களுக்கு வரவும் கிடைக்காது.

உத்தரவாதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று ஆண்டு என்று மட்டும் விலைப்புள்ளியில் எழுதியிருந்தால் போதாது. பொறியாளர் அலுவலகத்துக்கே வருவாரா, கணினியை நாம் சேவை மையத்துக்குச் சுமந்து செல்ல வேண்டுமா, அந்த மையம் எந்த ஊரில் இருக்கிறது என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை ஐந்து மடிக்கணினிகள் வாங்கியபோது, பில்லில் எண்ணிக்கை மட்டும் இருந்தது. வரிசை எண்கள் இல்லை. அவை கடையில் பல மாதங்கள் கிடந்த சரக்கு என்பதும், தயாரிப்பாளரின் கணக்கில் உத்தரவாதம் அப்போதே ஓடத் தொடங்கிவிட்டது என்பதும் ஒரு திரை பழுதான பிறகுதான் தெரிந்தன. உத்தரவாதத்தின் தொடக்கத்தை வாங்கிய தேதிக்கு மாற்றித்தர தயாரிப்பாளர் வரிசை எண்ணுள்ள பில்லைக் கேட்டார். கடைக்காரரோ இன்று நாளை என்று இழுத்தடித்தார். அதிலிருந்து, ஒவ்வொரு கணினியின் வரிசை எண்ணும் பில்லில் அச்சாகாமல் பணம் தருவதில்லை. பெட்டி வந்த அன்றே அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டு, உத்தரவாதம் இந்தியாவுக்கு உரியதா, எந்த நாளில் முடிகிறது என்று பார்த்துவிடுவதும் பழக்கமாகிவிட்டது.

உதிரிப் பாகங்களைக் கோத்துச் செய்யும் கணினி என்றால் கூடுதல் கவனம் தேவை. ஒவ்வொரு பாகத்தின் மாதிரிப் பெயரும் விலைப்புள்ளியில் தனித்தனியே இருக்கட்டும். சேமிப்பு வட்டை "500 ஜிபி எஸ்எஸ்டி" என்று பொதுவாக எழுதினால், எதை வேண்டுமானாலும் வைத்துவிட முடியும். வந்த கணினிகளில் இரண்டை நீங்களே தேர்ந்தெடுத்து, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதியது என்று விற்றது ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டினால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. விண்டோஸ் உரிமம் பில்லில் தனி உருப்படியாக இருக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு உரிமம் போட்டுத்தருகிறேன் என்பவர், தணிக்கை அலுவலகத்துக்குத் திருட்டு மென்பொருளை விற்கிறார் என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

பழைய வாடிக்கையாளர் இருவரின் பெயர்களைக் கேட்டு வாங்கி, கடைசியாகக் கெட்டது என்ன, எத்தனை நாளில் சரியானது என்று மட்டும் அவர்களிடம் விசாரியுங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்பவரைத் தவிர்ப்பது நல்லது. பத்து விழுக்காட்டை முப்பது நாள் நிறுத்திவைக்க ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்டாலே, தம் சரக்கில் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றைக் கேட்க எல்லோருமே மறந்துவிடுகிறார்கள். உத்தரவாதக் காலத்தில் வட்டு பழுதானால், புதியதைத் தரும் தயாரிப்பாளர் பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வது வழக்கம். தணிக்கை அலுவலகத்தின் வட்டில் நூற்றுக்கணக்கானவர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும். பழுதான வட்டை நாமே வைத்துக்கொள்ளும் வசதியைச் சில தயாரிப்பாளர்கள் கூடுதல் கட்டணத்துக்குத் தருகிறார்கள். அதற்கு எவ்வளவு கட்டணம் என்பதையும் விலைப்புள்ளியிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள்.